கற்ற கடன் தீர்த்தவர்

பொன்னும் பொருளும் கொடுத்து உதவியவர்க்கு அவற்றைத் திருப்பிக் கொடுத்துக் கடன் தீர்த்துக் கொள்ளலாம். அறிவைக் கொடுத்தவர்க்கு எதனைத் திருப்பிக் கொடுப்பது? தனக்குக் கிடைத்த அறிவு தன்னைப் போன்ற பிறர்க்கும் கிடைக்குமாறு செய்வதொன்றே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும். அவ்வழியைத் தேர்ந்து நடந்த பெருமக்களுள் ஒருவர் ஜெர்மனி நாட்டு வெர்னர் சீமென்ஸ். அவர் வறுமையால் கல்லூரியிற் சேர இயலாமல் படையிற் சேர்ந்து கற்றவர். பின்னர்ப் படைத்தொழிலை விடுத்துத் தந்திக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையை நிறுவியவர். முதுமையில் அறிவாராய்ச்சிக்கென்று தம் சொந்த நிலத்தை வழங்கியவர். அவர்தம் வாழ்க்கை வரலாறு கற்பவர்க்கும் உழைப்பவர்க்கும் ஒருங்கே பயன்படுவதாகும்.

பிறப்பும் இளமையும்

வெர்னர் சீமென்ஸ் 1816-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13-ஆம் நாள், ஹனோவர் நகரை அடுத்த லெந்தே என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவருடைய பெற்றோர்க்குப் பதினான்கு மக்கள். வெர்னர் நான்காம் மகவு. தந்தையார் பிறருடைய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர்செய்து வந்தார். 1823-ஆம் ஆண்டில் அவர் குடும்பத்துடன் மெக்லென்பர்க் நாட்டிலுள்ள மென்சென்டார்ப் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கும் குத்தகைப் பண்ணையே பார்த்தார்.

குத்தகை நிலத்தில் உழைப்பவர் வீட்டு வரவு செலவு எத்தன்மையது என்பதைக் காவிரிக் கரையில் வாழ்வோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. விளைச்சல் குறைந்த ஆண்டிலும் நிலத்துக்குரியவரின் பங்கை அளந்தே தீர வேண்டும். எஞ்சியதைக் கொண்டே பெருங்குடும்பம் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கு மிஞ்சுவது சிறிதே. வெர்னர் பிறந்த வீட்டின் நிலையும் இதுவே.

எனினும் பெற்றோர் மக்களின் கல்வியில் அக்கறை குறைந்தாரல்லர். வெர்னர் 1832-ஆம் ஆண்டில் லூபெக் நகரத்துப் பழம்பெரும் பள்ளியொன்றிற் சேர்ந்தார். அங்குப் பண்டை மொழிகளே முதன்மையாகக் கற்பிக்கப்பட்டன. வெர்னரின் உள்ளமோ கணிதத்தையே நாடியது. ஆதலின் அவர் கிரேக்க மொழிப் பாடத்தை விடுத்து, கணிதத்தையும் நில அளவையையும் தனியே கற்றார். கட்டடங்களும் பாலங்களும் அமைக்கும் பொறியியலே தமக்கு ஏற்ற தொழில் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

அப்பொறியியலைக் கற்பிக்கும் கல்லூரி பெர்லினில் இருந்தது. அங்குப் பயிலப் பெரும்பணம் வேண்டும். தந்தையாரிடம் அப்பணம் இல்லை. தம்பி தங்கையரோ பலர். இந்நிலையில், நில அளவை கற்பித்த ஆசிரியர் ஒரு வழி காட்டினார். பிரஷ்ய நாட்டுப் படையிற் பொறியியற் பிரிவு ஒன்று உண்டு. அதிற் சேரும் இளைஞர்க்கு அரசே கல்வி அளிக்கும். அதற்கு ஈடாக அவர்கள் படையிற் பணியாற்ற வேண்டும் என்பதே அவர் கூறிய செய்தி. பதினேழு வயதுடைய வெர்னர் 1834-ஆம் ஆண்டில் தந்தையாரிடம் விடைபெற்றுக்கொண்டு கால்நடையாகவே பெர்லினை நோக்கிப் புறப்பட்டார்.

படையிற் பெற்ற கல்வி

பெர்லினை அடைந்த வெர்னர்க்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. பொறியியற் பிரிவிற் சேர விரும்புவோர் மிகப் பலராக இருந்தமையின், இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும் எனத் தெரிந்தது. பீரங்கிப் படையிற் சேர்வார்க்கும் அதே பள்ளியிற் கற்கும் வாய்ப்பு உண்டு என்று அறிந்து, மாக்டெபர்க் நகரில் இருந்த பீரங்கிப் படையில் அவர் சேர்ந்தார். ஓராண்டு படைப்பயிற்சிக்குப் பின், 1835 முதல் 1838 வரை மூன்றாண்டுகள் பெர்லினிலுள்ள பீரங்கி, பொறியியற் பள்ளியிற் பயின்றார்.

அம்மூன்று ஆண்டுகளே அவர் வாழ்வுக்கு அடித்தளமாயின. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றையும் அந்நாளிற் சிறந்து விளங்கிய ஆசிரியரிடம் கற்கும் பேறு அவர்க்கு வாய்த்தது. மின்னோட்டத்தின் விதியைக் கண்ட ஓம் என்பாரின் உடன்பிறந்தாராகிய மார்ட்டின் ஓம் அவர்க்குக் கணிதம் கற்பித்தார். இயற்பியல் கற்பித்தவர் மாக்னஸ் என்னும் பேரறிஞர். பயிற்சி முடிந்து, 1838-ஆம் ஆண்டில் வெர்னர் லெப்டினன்ட் பதவி பெற்றார். இக்கல்விக்காக அவர் தந்தையார் பெர்லினிற் சம்பளம் கட்டவில்லை. அதனை அளித்தது நாட்டின் பொதுப்பணம். இதனை வெர்னர் தம் வாழ்நாளில் மறக்கவில்லை.

குடும்பச் சுமை

பதவி கிடைத்த மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. 1839-ஆம் ஆண்டில் தாயார் இறந்தார். ஆறே திங்களில், 1840-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தையாரும் மறைந்தார். பெற்றோரை இழந்த தம்பி தங்கையர்க்கு வழிகாட்டும் பொறுப்பு வெர்னரின் தோள்மேல் விழுந்தது. அப்பொழுது அவர்க்கு வயது இருபத்துமூன்று. படையிற் பெற்ற சிறு ஊதியமே அவர்க்கு வருவாய்.

தம்பியருள் வில்லியம் என்பவரை அவர் முன்னரே தம்முடன் மாக்டெபர்க்குக்கு அழைத்து வந்து, அவ்வூரிலுள்ள தொழிற்பள்ளியிற் சேர்த்திருந்தார். கணித பாடத்தைப் பள்ளியிற் கற்க வேண்டா என்று கூறி, அந்நேரத்தில் ஆங்கிலம் கற்கச் செய்தார். கணிதத்தைத் தாமே அதிகாலையில், படைப்பணி தொடங்குமுன், தம்பிக்குக் கற்பித்தார். அன்று கற்ற ஆங்கிலமே பிற்காலத்தில் வில்லியம் இங்கிலாந்து சென்று பெரும் பொறியாளராகத் துணைபுரிந்தது. பிரீட்ரிக், கார்ல் முதலிய பிற தம்பியரும் தமையனாரின் அரவணைப்பில் வளர்ந்து பெயர் பெற்றனர்.

சிறையில் ஆராய்ச்சி

குடும்பச் செலவுக்கு ஊதியம் போதாமையால், புதுவது கண்டு பொருள் ஈட்ட எண்ணினார் வெர்னர். மின்சாரத்தின் உதவியால் ஓர் உலோகத்தின்மேல் பொன் முலாம் பூசும் முறையை ஆராயத் தொடங்கினார். அப்போது எதிர்பாராத இடையூறு ஒன்று நேர்ந்தது.

அந்நாளைய படைவீரர் இருவர்க்குள் மானத்தைப் பற்றிய பூசல் எழுந்தால், அவர்கள் தனித்து நின்று படைக்கலம் ஏந்திப் பொருதல் வழக்கமாக இருந்தது. சட்டம் அதனைத் தடுத்திருந்தது. அத்தகைய சமர் ஒன்றில் வெர்னர் தம் நண்பர்க்குத் துணையாக உடன் நின்றார். செய்தி வெளிப்பட்டது. படை நீதிமன்றம் அவர்க்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்து, மாக்டெபர்க் கோட்டையில் அடைத்தது.

கோட்டைச் சிறை என்றவுடன் தமிழ் கற்றார் உள்ளத்தில் குடவாயிற் கோட்டம் தோன்றும். இன்று குடவாசல் என வழங்கும் ஊரே அன்றைய குடவாயில். சோழன் செங்கணானோடு பொருது தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை அங்குச் சிறையிருந்தான். கேட்டபோது கிடைக்காமல் காலந்தாழ்த்து வந்த தண்ணீரைப் பருகாமல், மானம் காத்து உயிர் துறந்தான் எனப் புறநானூற்றுக் குறிப்புக் கூறும். அவன் மன்னன், மானமே அவன் வாழ்வு. வெர்னரோ தம் சம்பளத்தை நம்பியிருக்கும் தம்பியரை வெளியே விட்டு வந்தவர். அவர் சிறையை வேறு வகையில் வென்றார்.

இரும்புக் கம்பி பூட்டிய அறையின் தனிமையில் ஆராய்ச்சிக்கு வேண்டிய ஓய்வு இருப்பதை அவர் கண்டார். வேதிப்பொருள்களை வெளியிலிருந்து வரவழைத்து, அவ்வறையையே சிறியதோர் ஆய்வுக்கூடமாக ஆக்கிக் கொண்டார். ஒரு நாள் வெண்ணிறக் கலப்பு உலோகத்தாற் செய்த கரண்டி ஒன்றைப் பொன் கரைந்த நீரில் இட்டு மின்சாரத்தைச் செலுத்தினார். சில நிமிடங்களில் அக்கரண்டி பொற்கரண்டியென ஒளிர்ந்தது. 1842-ஆம் ஆண்டில் இம்முறைக்கு அரசின் காப்புரிமையும் கிடைத்தது. மாக்டெபர்க் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் அதனைப் பயன்படுத்தும் உரிமையை விலைகொடுத்துப் பெற்றார்.

ஆராய்ச்சி இனிது நடந்துகொண்டிருக்கையில், மன்னரின் மன்னிப்பு ஆணை வந்து சேர்ந்தது. பிறர் துள்ளி மகிழும் அச்செய்தி வெர்னர்க்கு வருத்தத்தையே தந்தது. வெளியே சென்றால் ஆய்வுக்கு இடமும் இல்லை; நேரமும் இல்லை. இன்னும் சில நாள் சிறையில் இருக்க இசைவு தருமாறு அவர் விண்ணப்பித்துக் கொண்டார். மன்னரின் அருளை மதியாத செயல் இது எனச் சினந்த அதிகாரிகள், நள்ளிரவில் அவரைக் கோட்டைக்கு வெளியே அனுப்பிவிட்டனர். இந்நிகழ்ச்சியை வெர்னரே தம் முதுமையில் எழுதிய வாழ்க்கை நினைவுகளில் நகைச்சுவை தோன்றக் குறித்துள்ளார்.

தந்தித் தொழிற்சாலை

அக்காலத்திற் படைத்துறை புதிய செய்திமுறை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. மின்சாரத் தந்தி அப்போதுதான் உலகிற் பரவத் தொடங்கியிருந்தது. வெர்னர் தந்தித்துறைப் பணியில் ஈடுபடுத்தப்பட்டார். எழுத்துகள் வட்டமாகப் பொறித்த தட்டின்மேல் முள் சுழன்று, வேண்டிய எழுத்தைக் காட்டும் தந்திக் கருவி ஒன்றை அவர் திருத்தமுற அமைத்தார்.

கருவி மட்டும் போதுமா? செய்தியைக் கொண்டு செல்லும் கம்பியை மண்ணுக்குள் புதைத்தால், ஈரம் பட்டு மின்சாரம் கசிந்துவிடும். அதனைத் தடுக்கத் தக்க பொருளைத் தேடியவர்க்கு, இங்கிலாந்திலிருந்த தம்பி வில்லியம் அனுப்பிய குட்டா பெர்ச்சா என்னும் பிசின் கிடைத்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து நம்மவர் பலர் நாகப்பட்டினத்திற் கப்பலேறிச் சென்ற அதே மலேயா நாட்டுக் காடுகளில் வளரும் மரத்தின் பால் உறைந்து கிடைப்பது அது. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மின்சாரத்தையும் ஈரத்தையும் தடுக்கும். அதனைக் கம்பியைச் சுற்றித் தையலின்றி அழுத்திப் பொதியும் பொறியொன்றை வெர்னர் 1847-ஆம் ஆண்டில் அமைத்தார்.

அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஹால்ஸ்கே என்னும் கைவினைஞருடன் கூட்டுச் சேர்ந்து, பெர்லினில் ஒரு வீட்டின் பின்கட்டில் தந்திக் கருவித் தொழிற்சாலையை நிறுவினார். முதலீடு செய்யக் கையிற் பணமில்லை. உறவினர் ஒருவர் 6,842 தாலர் கடனாக உதவினார். வெர்னர் கருவியைச் சிந்தித்து வரைந்தார். ஹால்ஸ்கே அதனைச் செம்மையுறச் செய்து முடித்தார். சீமென்ஸ்-ஹால்ஸ்கே நிறுவனம் இவ்வாறு தோன்றியது. அப்போதும் வெர்னர் படைப்பணியை விடவில்லை.

பெர்லினுக்கும் பிராங்பர்ட் நகருக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள தந்திக் கம்பியை அமைக்கும் பணி அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1849-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிராங்பர்ட்டிற் கூடிய தேசியப் பேரவை, பிரஷ்ய மன்னரை ஜெர்மனியின் பேரரசராகத் தேர்ந்தெடுத்தது. அச்செய்தி ஒரு மணி நேரத்திற்குள் பெர்லினை எட்டியது. மக்கள் வியந்தனர். அவ்வாண்டிலேயே வெர்னர் படைத்துறையினின்றும் விலகினார். பதினைந்து ஆண்டு உறுதியாகச் சோறிட்ட பணியைத் துறந்து, தொழில் என்னும் கரை தெரியாத கடலில் இறங்கினார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

அக்கடலில் முதற்புயல் விரைவிலேயே வீசிற்று. அரசு செலவைக் குறைக்க விரும்பியதால், தந்திக் கம்பிகள் போதிய ஆழமின்றியும் இரும்புக் கவசமின்றியும் புதைக்கப்பட்டிருந்தன. எலிகள் அவற்றைக் கடித்தன. மண்வெட்டும் தொழிலாளரின் கருவிகள் பட்டுச் சிதைந்தன. கம்பியின்மேற் பொதிந்த பொருளும் நாளடைவிற் கெட்டது. வழிநெடுகத் தந்தி தடைப்பட்டது. குறை யாருடையது என்னும் வழக்கு எழுந்தது. 1851-ஆம் ஆண்டில் வெர்னர் தம் பட்டறிவைச் சிறுநூலாக எழுதி வெளியிட்டார். பழுதின் காரணங்களை அதில் மறையாது எடுத்துரைத்தார். அதிகாரிகள் அதனை விரும்பவில்லை. பிரஷ்ய அரசு அந்நிறுவனத்துக்குப் பணி கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. தொழிற்சாலை தன் முதன்மையான வாடிக்கையை இழந்தது.

பெரும்பாலோர் இந்நிலையில் மனம் ஒடிந்துவிடுவர். அல்லது மேலிடத்தாரைப் பணிந்து சமாதானம் தேடுவர். வெர்னர் இரண்டும் செய்யவில்லை. உண்மையை எழுதியதற்காக வருந்தாமல், பிற நாடுகளிற் பணி தேடினார். ரஷ்ய நாடு அவரை வரவேற்றது. தம்பி கார்ல் அங்கே சென்று பணிகளை மேற்பார்த்தார். 1853 முதல் சில ஆண்டுகளில், வடக்கே பால்டிக் கடல் முதல் தெற்கே கருங்கடல் வரை ரஷ்யாவிற் பெருந்தந்தித் தடங்கள் அமைந்தன. தமையனின் அரவணைப்புத் தம்பியர் வழியாகப் பயன் தந்தது. லண்டனில் வில்லியம், ரஷ்யாவிற் கார்ல், பெர்லினில் வெர்னர் என உடன்பிறந்தார் ஒருவர்க்கொருவர் தோள்கொடுத்து நின்றனர்.

இந்தியாவுக்கு வந்த கம்பி

அந்நாளில் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே இருந்த தந்தித் தொடர்பு செம்மையாக இல்லை. செய்தி பல நாட்டு அலுவலகங்களைக் கடந்து வர வேண்டியிருந்தது. ஆங்காங்கு மொழி தெரியாதவர்கள் அதனை வாங்கி மறுபடியும் அனுப்பினர். ஆகவே செய்தி சேர நாட்கள் பல ஆயின. வந்து சேர்ந்த செய்தியும் உருத் திரிந்து பொருள் விளங்காது கிடந்தது.

இக்குறையைப் போக்கச் சீமென்ஸ் உடன்பிறந்தார் முன்வந்தனர். லண்டனிலிருந்து ஜெர்மனி, ரஷ்யா வழியாகப் பாரசீகத்தின் தலைநகராகிய தெகரான் வரை புதிய தடம் ஒன்றை 1868-ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கினர். மலையும் பாலையும் கடலோரமும் கடந்து கம்பங்கள் நடப்பட்டன. தெகரானுக்கு அப்பால் முன்னரே இருந்த கம்பியோடு அது இணைக்கப்பட்டது. லண்டனிலிருந்து கல்கத்தா வரை ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர். இடைவழியில் மனிதர் கைபடாமல் கருவிகளே செய்தியை மேற்செலுத்துமாறு வெர்னர் அமைத்திருந்தார். 1870-ஆம் ஆண்டு ஏப்பிரல் 12-ஆம் நாள் நடந்த சோதனையில், லண்டனிலிருந்து புறப்பட்ட செய்தி 28 நிமிடத்திற் கல்கத்தாவை அடைந்தது. கப்பலிற் கடிதம் வந்துசேரப் பல வாரங்களாகிய காலம் அது. இத்தடம் 1931-ஆம் ஆண்டு வரை பயன்பட்டது. இந்தியாவில் தந்திப் பணி 2013-ஆம் ஆண்டு சூலையில் நிறைவுற்றது எனினும், தொலைவைக் கம்பியால் வெல்லலாம் என்னும் வழியைத் திறந்தவர்களின் உழைப்பு மறக்கத் தக்கதன்று.

மின்னாக்கப் பொறி

தந்திக்கு வேண்டும் மின்சாரம் சிறிதே. அதனை மின்கலத்தால் ஆக்கிவிடலாம். விளக்கெரிக்கவும் யந்திரம் ஓட்டவும் வேண்டிய பெருமின்சாரத்தை எவ்வாறு ஆக்குவது? எஃகுக் காந்தங்களுக்கு இடையே கம்பிச் சுருளைச் சுழற்றி மின்சாரம் ஆக்கும் பொறிகள் அப்போதே இருந்தன. ஆனால் அக்காந்தங்களின் வலிமை குறைவு. ஆகவே பெற்ற மின்சாரமும் குறைவே.

1866-ஆம் ஆண்டில் வெர்னர் ஓர் உண்மையைக் கண்டார். ஒருமுறை காந்தமாக்கப்பட்ட இரும்பில் சிறிதளவு காந்தத் தன்மை எஞ்சி நிற்கும். அச்சிறு தன்மையைக் கொண்டு முதலிற் சிறிது மின்சாரம் ஆக்கலாம். அம்மின்சாரத்தை அவ்விரும்பைச் சுற்றிய கம்பியிலேயே திருப்பிச் செலுத்தினால், காந்தம் வலுப்பெறும். வலுப்பெற்ற காந்தம் மேலும் மின்சாரம் தரும். உழவன் எஞ்சிய ஒரு மரக்கால் நெல்லையும் உண்ணாமல் விதைத்து, விளைந்ததை மீண்டும் விதைத்து, வயல் முழுதும் பயிராக்குவது போன்றது இது. டைனமோ எனப்படும் மின்னாக்கப் பொறியின் அடிப்படை இதுவே. 1867-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அவருடைய பழைய ஆசிரியராகிய மாக்னஸ் இதனைப் பெர்லின் அறிவியற் கழகத்தின்முன் எடுத்துரைத்தார். இங்கிலாந்தில் வீட்ஸ்டன், வார்லி என்பாரும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே நெறியைத் தனித்தனியே கண்டனர். இதனாற் பெரும்பயன் விளையும் என்பதைத் தெளிவாக உணர்ந்து செயற்படுத்தியவருள் வெர்னர் முன்நின்றார்.

1879-ஆம் ஆண்டில் பெர்லினில் நடந்த பொருட்காட்சியில், மின்சாரத்தால் இழுக்கப்படும் சிறு புகைவண்டியை—புகையே இல்லாத வண்டியை—அவர் நிறுவனம் ஓட்டிக் காட்டியது. 1881-ஆம் ஆண்டில் பெர்லினை அடுத்த லிக்டர்பெல்டில் மின்சார டிராம் வண்டி ஓடியது. இன்று குடவாசல் வட்டத்து வயல்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை மேலேற்றும் மின்மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் பெரும்பொறிகளும், அன்று எஞ்சிய சிறு காந்தத்தினின்றும் பெருமின்சாரம் காணத் துணிந்த முயற்சியின் வழிவந்தனவே.

தொழிலாளர் நலம்

தொழில் பெருகிய காலத்திலும் தம் தொழிலாளரை வெர்னர் மறந்தாரல்லர். ஆதாயத்தில் ஒரு பகுதியைப் பணியாளர்க்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 1872-ஆம் ஆண்டில், நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி, முதுமையுற்ற தொழிலாளர்க்கும், இறந்தோரின் மனைவி மக்களுக்கும் உதவும் ஓய்வூதிய நிதியை நிறுவினார். அரசாங்கம் அத்தகைய சட்டம் செய்வதற்குப் பல ஆண்டுகட்கு முன்னரே அவர் இதனைச் செய்தார். இளமையிற் பெற்றோரை இழந்து, பசித்த பிள்ளைகளின் முகம் பார்த்து வாழ்ந்தவர் அவர். குடும்பத்தலைவன் மறைந்தால் ஒரு வீடு படும் பாடு அவர் ஏட்டிற் படித்ததன்று.

அறிவுக்கு அளித்த நிலம்

பெர்லின் பல்கலைக்கழகம் 1860-ஆம் ஆண்டில் வெர்னர்க்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. பின்னர்ப் பிரஷ்ய அறிவியற் கழகமும் அவரை உறுப்பினராக ஏற்றது. பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்று பட்டம் பெறாதவரைப் பல்கலைக்கழகமே அழைத்துச் சிறப்பித்தது. எனினும் அப்பட்டத்தால் அவர் மனம் நிறைவுறவில்லை. தமக்கு ஒரு காலத்தில் மூடியிருந்த கதவு பிறர்க்குத் திறக்க வேண்டும் என்பதே அவர்தம் கவலை. மின்சாரத் தொழிலைக் கற்பிக்கத் தொழிற் பல்கலைக்கழகங்களில் தனிப் பேராசிரியரை அமர்த்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அத்தகைய முதற் பேராசிரியர் பதவி 1882-ஆம் ஆண்டில் டார்ம்ஸ்டாட் நகரில் ஏற்பட்டது.

ஆயின் மற்றொரு குறை எஞ்சியிருந்தது. சிறந்த அறிஞர் பலர் நாள்தோறும் பாடம் சொல்வதிலேயே காலம் கழித்தனர். நெடுங்கால ஆராய்ச்சிக்கு அவர்கட்கு ஓய்வும் இல்லை, கருவியும் இல்லை. ஆராய்ச்சி ஒன்றையே கடமையாகக் கொண்ட நிறுவனம் ஒன்றை அரசு ஏற்படுத்த வேண்டும் என வெர்னர் விரும்பினார். அரசு தயங்கியது. 1884-ஆம் ஆண்டில், சார்லோட்டன்பர்க்கில் தமக்குரிய நிலத்தில் ஏறத்தாழ 20,000 சதுர மீட்டர் பரப்பை அந்நிறுவனத்துக்கு அளிக்க அவர் முன்வந்தார். அரை இலட்சம் மார்க்கு அன்று. ஐந்து இலட்சம் மார்க்கு மதிப்புடைய கொடை அது. தம் நிறுவனத்துக்கு அதனாற் சலுகை எதனையும் அவர் வேண்டவில்லை. தாம் பெற்ற செல்வம் அறிவின் பயன் எனவும், அதில் ஒரு பகுதி அறிவுக்கே உரியது எனவும் அவர் கருதினார்.

1887-ஆம் ஆண்டில் அரசும் பேரவையும் இசைந்தன. இயற்பியல், தொழில்நுட்பப் பேரரசு ஆய்வகம் தோன்றிற்று. மறு ஆண்டில் அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞர். அவரும் இளமையில் வறுமையுற்றவரே. படையிற் பணியாற்றுவதாக உறுதி கூறி, அரசின் செலவில் மருத்துவம் கற்றுப் படைமருத்துவராக இருந்தவர். பொதுப்பணத்தாற் கல்வி பெற்ற ஏழை இளைஞர் இருவர் முதுமையிற் கூடி, நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சிக்கூடத்தை நிலைநிறுத்தினர்.

அக்கொடையின் முழுப்பயனைக் காண வெர்னர் உயிரோடு இருக்கவில்லை. விளக்குகளின் ஒளியைத் திட்டமாக அளக்க வேண்டி, சூடேறிய பொருள்கள் வீசும் கதிர்களை அவ்வாய்வகத்தார் நுட்பமாக அளந்தனர். அவ்வளவைகளுக்குப் பழைய கொள்கைகள் பொருந்தவில்லை. அவற்றை விளக்க முயன்ற மாக்ஸ் பிளாங்க் 1900-ஆம் ஆண்டிற் குவாண்டம் கொள்கையை வெளியிட்டார். இயற்பியல் முழுவதும் அதனாற் புதுநெறி பெற்றது. தெருவிளக்குக்காகத் தொடங்கிய அளவை உலகின் அமைப்பையே விளக்கும் கொள்கைக்கு வித்தாயிற்று.

இறுதிக்காலமும் புகழும்

1888-ஆம் ஆண்டில் பேரரசர் மூன்றாம் பிரீட்ரிக் வெர்னர்க்கு உயர்குடிப் பட்டம் அளித்தார். அதன்பின் அவர் வெர்னர் பான் சீமென்ஸ் என வழங்கப்பெற்றார். இறுதி ஆண்டுகளில் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதி முடித்தார். 1892-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், எழுபத்தாறாம் வயது நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கையில், பெர்லினில் உயிர் நீத்தார்.

1971-ஆம் ஆண்டில் உலக நாடுகளின் அளவைப் பேரவை, ஒரு பொருள் மின்சாரத்தைத் தன்னூடே செல்லவிடும் தன்மையை அளக்கும் அலகுக்குச் சீமென்ஸ் என்று பெயரிட்டது. அவர்தம் வாழ்வுக்கு இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறில்லை. நாடு தமக்கு அளித்த கல்வியை அவர் தம்மிடமே தேக்கி வைக்கவில்லை. தம்பியர்க்கும், தொழிலாளர்க்கும், பின்வந்த அறிஞர்க்கும் அதனைச் செலுத்தினார்.

பொதுமக்களின் வரிப்பணத்தால் நடக்கும் பள்ளியில் இன்று பயிலும் ஒவ்வொருவரும் அவரைப் போலவே ஒரு கடன் பட்டவராவர். நூலும் இருக்கையும் ஆசிரியரும், எங்கோ வயலில் நாற்று நடுபவரும் தறியில் நெய்பவரும் தந்த பங்கால் வந்தவை. கற்று முடித்தவுடன் அக்கடன் தீர்ந்துவிடுவதில்லை. அன்றுதான் அது தொடங்குகிறது. அதனைத் தீர்க்கும் வழியை வெர்னர் சீமென்ஸின் வாழ்க்கை காட்டுகின்றது.